கொத்தனாரின் மகள் கிளெண்டா ஜாக்சன்

கிளெண்டா ஜாக்சன் 1936 மே 9 அன்று இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆற்றின் எதிர்க்கரையில் லிவர்பூலைப் பார்த்திருக்கும் பர்கன்ஹெட் நகரில் பிறந்தார். கப்பல் கட்டும் தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் அது. தந்தை கொத்தனார். தாய் கடையில் வேலை பார்த்தார், மதுவிடுதியில் பரிமாறினார், பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்தார். பிறந்த நான்கும் பெண்கள். மூத்தவளுக்கு அன்றைய ஹாலிவுட் நடிகை கிளெண்டா ஃபாரெலின் பெயரை வைத்தார்கள். பெயரைத் தவிர அந்த வீட்டில் சினிமாவின் சாயல் எதுவும் இல்லை. வேலைக்குப் போக வேண்டும், வாங்கும் கூலிக்கு வேலையைச் சுத்தமாக முடிக்க வேண்டும், முடித்ததைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற பிறகும், 23 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோதும், 80 வயதில் லியர் மன்னனாக மேடை ஏறியபோதும் ஜாக்சனிடம் மாறாமல் இருந்தது அந்த வீட்டின் ஒழுக்கம்தான். நடிப்பும் அரசியலும் அவருக்கு வேலைகள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

பக்கத்துக் கடலோர ஊரான ஹோய்லேக்கில் அவர் வளர்ந்தார். படிப்பில் சிறந்த மாணவி அல்ல. 16 வயதில் பள்ளியை விட்டதும் பூட்ஸ் மருந்துக்கடையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கவுன்டருக்குப் பின்னால் நின்றார். மாலை நேரங்களில் உள்ளூர் அமெச்சூர் குழு ஒன்றில் நாடகம். அங்கே யாரோ கொடுத்த ஊக்கத்தில் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. போருக்குப் பின் அமைந்த தொழிற்கட்சி அரசின் காலத்தில் வளர்ந்த தலைமுறை அது. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பொதுப்பணத்தின் துணையோடு கலைப்பள்ளிகளுக்குள் நுழைய முடிந்த காலம். இந்தக் கடனை ஜாக்சன் மறக்கவே இல்லை. அவரது அரசியலின் வேர் இங்கே இருக்கிறது.

பள்ளியை முடிக்கும்போது அதன் முதல்வர் அவரிடம், 40 வயதுவரை பெரிதாக வாய்ப்பு எதையும் எதிர்பார்க்காதே என்று சொல்லி அனுப்பினார். கதாநாயகி முகம் இல்லை என்பது அதன் பொருள். உயர்ந்த கன்ன எலும்புகள், சிறிய கண்கள், சீராக இல்லாத பல்வரிசை, சற்றே மூக்கிலிருந்து வரும் வறண்ட குரல். 1957இல் வொர்திங் நகரில் 'செபரேட் டேபிள்ஸ்' நாடகத்தில் தொழில்முறையாக மேடையேறினார். அடுத்த ஆறேழு ஆண்டுகள் சிறுநகர நாடகக் குழுக்களில் கழிந்தன. ஒரு நாடகத்தை இரவில் நடித்துக்கொண்டே அடுத்த நாடகத்தைப் பகலில் ஒத்திகை பார்க்கும் குழுக்கள் அவை. வேலை இல்லாத மாதங்களில் கடையிலும் உணவகத்திலும் நின்றார். 1963இல் வெளிவந்த 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' படத்தில் பெயர்கூடப் போடாத சிறு வேடம். நடிகையாக அவர் பயின்றதில் பெரும்பகுதி இந்த ஆண்டுகளுக்குரியது. வசனத்தைத் தெளிவாகச் சொல்வது, கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுசேர்ப்பது, தேவையற்ற அசைவை வெட்டுவது என எல்லாம் பசியோடு கற்றவை.

திருப்பம் இயக்குநர் பீட்டர் புரூக் வடிவில் வந்தது. பிரெஞ்சு நாடகச் சிந்தனையாளர் அந்தோனான் ஆர்த்தோவின் கருத்துகளைச் சோதித்துப் பார்க்க, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஆதரவில் புரூக் 1964இல் ஒரு சோதனை நாடக வரிசையை நடத்தினார். அதில் ஜாக்சன் நடித்த ஒரு துண்டு இன்றும் பேசப்படுகிறது. பிரிட்டிஷ் அரசியலை உலுக்கிய புரொஃப்யூமோ விவகாரத்தின் கிறிஸ்டின் கீலராக வருகிறார். உடை களையப்படுகிறது, குளியல் தொட்டியில் குளிப்பாட்டப்படுகிறார், சிறை உடை அணிவிக்கப்படுகிறது. பிறகு அதே சொற்கள், அதே செயல்கள், ஆனால் இப்போது அவர் கணவரின் இறுதிச் சடங்குக்கு நிற்கும் ஜாக்குலின் கென்னடி. ஊர் தூற்றிய பெண்ணும் உலகம் போற்றிய பெண்ணும் ஒரே உடலில், இடைவெளியே இல்லாமல். இந்த மாற்றத்துக்கு ஒப்பனை உதவவில்லை. பார்வையை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வைத்து ஜாக்சன் அதைச் செய்தார்.

அதே ஆண்டு பீட்டர் வைஸின் 'மாரா/சாட்' நாடகத்தில் ஷார்லட் கோர்டே வேடம். பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான மாராவைக் கொன்ற பெண்ணை, ஒரு மனநலக் காப்பகத்தில் உறக்க நோயால் பீடிக்கப்பட்ட நோயாளி நடிக்கிறாள். தன் நீண்ட கூந்தலையே சாட்டையாக்கி அவள் எழுத்தாளர் மார்க்கி த சாடை அடிக்கும் காட்சி பார்த்தவர்களின் நினைவை விட்டு அகலவில்லை. நாடகம் நியூயார்க்குக்குப் போனது. 1967இல் புரூக்கே அதைப் படமாக்கினார். ஆனால் ஜாக்சன் அந்த அனுபவத்தை வெறுத்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். இரவுதோறும் பைத்தியத்தை உடலில் ஏற்றி இறக்குவது நடிகர்களைச் சிதைத்தது. ஆனாலும் புரூக்கைத் தான் கண்ட மிகச் சிறந்த இயக்குநர்களில் ஒருவராகவே மதித்தார்.

1969இல் கென் ரஸ்ஸல் இயக்கிய 'விமன் இன் லவ்' அவரை உலகறியச் செய்தது. டி. எச். லாரன்ஸின் நாவல்; நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றின் இரு சகோதரிகள், அவர்களை விரும்பும் இரு ஆண்கள். தங்கை குட்ருனாக ஜாக்சன், சுரங்க முதலாளியின் மகன் ஜெரால்டாக ஆலிவர் ரீட். படப்பிடிப்பின்போது ஜாக்சன் கருவுற்றிருந்தார். ஏரிக்கரைப் புல்வெளியில் நீண்ட கொம்பும் சடைமுடியும் கொண்ட மாட்டுக் கூட்டத்தை நோக்கி குட்ருன் ஆடிக்கொண்டே நடக்கும் காட்சி படத்தின் சாரம். அதில் கவர்ச்சி இல்லை, பயமும் இல்லை. எதிரே நிற்கும் விலங்கின் வலிமையைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வம் மட்டும் முகத்தில் இருக்கிறது. இதே பார்வையைத்தான் அவள் ஜெரால்டிடமும் திருப்புகிறாள். அவனைக் காதலிக்கிறாளா என்பதற்குப் படம் விடை தருவதில்லை. ஆனால் அவனை ஆராய்கிறாள் என்பதில் ஐயமில்லை. அதுவரை ஆங்கிலத் திரையில் ஆண்கள் பெண்களை இப்படிப் பார்த்தார்கள். ஒரு பெண் ஆணை இப்படி, கூச்சமின்றி, தன் அறிவின் எடை முழுவதையும் வைத்துப் பார்த்தது புதிது. 1970ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை ஆஸ்கர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் விழாவில் இல்லை. இரண்டாவது முறை வென்றபோதும் போகவில்லை. சிலைகள் தாயிடம் போய்ச் சேர்ந்தன. அவர் துடைத்துத் துடைத்தே பொன்பூச்சு தேய்ந்துபோனது என்று ஜாக்சன் சொல்வதுண்டு.

ரஸ்ஸலுடனான உறவு நீண்டது. 'த மியூசிக் லவ்வர்ஸ்' படத்தில் இசைமேதை சைகோவ்ஸ்கியின் மனைவி நினாவாக நடித்தார். 'விமன் இன் லவ்' வெளிவந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, லாரன்ஸின் முந்தைய நாவலை ரஸ்ஸல் 'த ரெயின்போ' என்று 1989இல் படமாக்கியபோது, குட்ருனின் தாய் ஆன்னாவாக வந்தார். தான் ஏற்று நடித்த பெண்ணுக்கே தாயாகும் வாய்ப்பு எத்தனை நடிகைகளுக்கு அமையும்!

இருந்தும் அவரது திரைவாழ்வின் உச்சம் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கிய 'சண்டே ப்ளடி சண்டே' (1971). பெனலோபி கில்லியட்டின் திரைக்கதை. லண்டனில் பாப் என்ற இளம் கலைஞனை ஒரே நேரத்தில் இருவர் காதலிக்கிறார்கள். ஒருவர் மணவிலக்குப் பெற்ற அலெக்ஸ், மற்றவர் நடுவயது மருத்துவர் டேனியல் ஹிர்ஷ். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியும். டேனியலாக பீட்டர் ஃபின்ச். ஆண்கள் இருவரின் உறவை வேடிக்கைப்பொருளாகவோ நோயாகவோ காட்டாமல் அன்றாட வாழ்வாகக் காட்டிய துணிவுக்காக இந்தப் படம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அந்தப் புகழின் நிழலில் ஜாக்சனின் நடிப்பு சற்று மறைந்துபோனது வருத்தத்துக்குரியது. அலெக்ஸ் தனக்குப் பாதி மனிதன்தான் கிடைத்திருக்கிறான் என்பதை அறிந்தே வாழ்கிறாள். அந்த அறிவு அவளை வாரக்கடைசி முழுவதும் மெல்ல அரிக்கிறது. பெக்கி ஆஷ்க்ராஃப்ட் நடித்த தாயோடு அவள் பேசும் காட்சியில், கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதே வாழ்க்கை என்ற முந்தைய தலைமுறையின் ஞானத்தை அவள் மறுக்கிறாள். ஜாக்சன் அதைக் குரல் உயர்த்தாமல் செய்கிறார். கோபம் சொல்லில் இல்லை, சொல்லுக்கு முன்னால் எடுக்கும் மூச்சில் இருக்கிறது. அலெக்ஸின் தொழில் வேலை தேடுவோருக்கு ஆலோசனை சொல்வது. வேலை இழந்த ஒரு நடுவயது மனிதர் மேசைக்கு எதிரே அமர்ந்து தன் நிலையைச் சொல்ல, அவள் கேட்கிறாள். பிறர் பேசும்போது கேட்பதை இவ்வளவு முழுமையாக நடித்தவர்கள் குறைவு. இருபது ஆண்டுகள் கழித்து ஜாக்சன் தன் தொகுதி மக்களின் குறைகேட்கும் மேசைக்குப் பின்னால் உண்மையிலேயே அமரப்போகிறார். இந்தப் படத்துக்காக பாஃப்டா விருது பெற்றார்.

1971 அவருக்கு வியப்பூட்டும் ஆண்டு. பிபிசி தொலைக்காட்சி 'எலிசபெத் ஆர்' என்ற தலைப்பில் முதலாம் எலிசபெத் அரசியின் வாழ்வை ஆறு நீண்ட நாடகங்களாக ஒளிபரப்பியது. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தை நெருங்கியது. சிறையஞ்சி வாழ்ந்த இளவரசி முதல் 69 வயதில் நின்றபடியே மரணத்தை எதிர்கொண்ட கிழவி வரை எல்லா வயதும் ஜாக்சனே. அரசியின் அகன்ற நெற்றிக்காகத் தன் முன்தலையை மழித்துக்கொண்டார். அவரது எலிசபெத் கடைசிவரை கணக்குப் போடுகிறவர்; திருமணம் என்பது நாட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது என்பதைப் புரிந்துகொண்ட ஆட்சியாளர். அமெரிக்காவில் இத்தொடர் அவருக்கு இரண்டு எம்மி விருதுகளைத் தந்தது. அதே ஆண்டு 'மேரி, குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்தில், வனெஸ்ஸா ரெட்கிரேவின் மேரிக்கு எதிரே மறுபடி எலிசபெத். அதே ஆண்டு மோர்கம்ப்–வைஸ் நகைச்சுவை நிகழ்ச்சியில் கிளியோபாட்ராவாகவும் வந்து நாட்டையே சிரிக்கவைத்தார். அவரது நகைச்சுவையை அங்கே கண்ட இயக்குநர் மெல்வின் ஃபிராங்க் 'எ டச் ஆஃப் கிளாஸ்' (1973) படத்துக்கு அழைத்தார். இரண்டாவது ஆஸ்கர் அதற்குத்தான். இலகுவான காதல் நகைச்சுவை. ஜாக்சனின் பெரிய நடிப்புகளில் அதைச் சேர்க்க முடியாது.

அடுத்த பத்தாண்டுகளின் படங்கள் பலவும் சுமாரானவை. இப்சனின் 'ஹெடா கேப்ளர்' நாடகத்தின் திரைவடிவமான 'ஹெடா' (1975) நான்காவது ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. ஜோசப் லோசியின் 'த ரொமான்டிக் இங்கிலீஷ்வுமன்' படத்தில் மைக்கேல் கெய்ன் அவருக்குக் கணவர். வால்டர் மாத்தோவோடு நடித்த நகைச்சுவைகள் நன்றாக ஓடின. இவற்றுக்கு நடுவே தனித்து நிற்பது 'ஸ்டீவி' (1978). லண்டன் புறநகரில் அத்தையோடு வாழ்ந்து, அலுவலகத்தில் வேலை பார்த்து, சாவைப் பற்றி நகைமுகத்தோடு கவிதை எழுதிய ஸ்டீவி ஸ்மித்தின் கதை. பெரும்பாலும் ஒரு வீட்டின் கூடத்திலேயே நடக்கும் படம். கவிதை வாசிப்பதைக்கூட ஜாக்சன் வீட்டுவேலை செய்வதுபோல் இயல்பாகச் செய்கிறார். கவிஞர்களைப் பற்றிய படங்களில் இதற்கு இணையானவை மிகச் சில.

இந்த ஆண்டுகளில் அவர் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புதிதாக எழுதும் நாடகாசிரியர்கள் பெண்ணைக் கதையின் இயக்குவிசையாக வைப்பதில்லை. அவள் எப்போதும் யாரோ ஓர் ஆணின் மனைவி, தாய், காதலி. நாற்பதைத் தாண்டியதும் அந்த வேடங்களும் குறைகின்றன. மேடையில் அவர் தேடிப்போனவற்றைப் பார்த்தால் குறையின் ஆழம் தெரியும். யூஜின் ஓ'நீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்', லோர்காவின் 'பெர்னார்டா ஆல்பாவின் வீடு', பிரெக்டின் 'மதர் கரேஜ்' என எல்லாமே பழைய ஆசிரியர்கள்.

1992 பொதுத்தேர்தலில் ஹாம்ப்ஸ்டெட்–ஹைகேட் தொகுதியைக் கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து தொழிற்கட்சிக்காகக் கைப்பற்றினார். வயது 55. நடிப்பை அன்றோடு நிறுத்தினார். அரசியலுக்கு வந்த நடிகர்கள் பலர் புகழைக் கையோடு கொண்டுவருவார்கள். ஜாக்சன் அதை வாசலிலேயே விட்டுவிட்டார். மார்கரெட் தாட்சரின் ஆட்சி நாட்டுக்குச் செய்ததைப் பார்த்துச் சினந்தே அவர் இந்த முடிவை எடுத்தார். 1997இல் டோனி பிளேர் அரசில் லண்டன் போக்குவரத்தைக் கவனிக்கும் இளநிலை அமைச்சரானார். லண்டன் மேயர் வேட்பாளராகும் முயற்சிக்காக 1999இல் பதவி விலகினார். கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. இராக் போரைத் தன் கட்சித் தலைமைக்கு எதிராக நின்று கடுமையாக எதிர்த்தார். பல்கலைக்கழகக் கட்டண விஷயத்திலும் பிளேரோடு மோதினார். 2010இல் எல்லை மாறிய தொகுதியில் வெறும் 42 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அமைச்சராக அவர் பெரிய தடம் எதையும் பதிக்கவில்லை என்பது உண்மை. தொகுதி உறுப்பினராக, வீட்டுவாடகைக்கும் உதவித்தொகைக்கும் அலைந்த மனிதர்களின் மனுக்களைக் கையாண்டவராக, அவர் செய்த வேலை செய்திகளில் வராத வகையைச் சேர்ந்தது.

ஒரே ஒரு நாள் அவரது பழைய தொழிலும் புதிய தொழிலும் ஒன்றாயின. 2013 ஏப்ரல் 10. இரு நாட்களுக்கு முன் இறந்த தாட்சருக்கு அஞ்சலி செலுத்த மக்களவை கூடியது. மறைந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்ற மரபுக்குப் பெரும்பாலோர் கட்டுப்பட்டனர். ஜாக்சன் எழுந்து, தாட்சரின் கொள்கைகள் நாட்டுக்குச் சமூக, பொருளாதார, ஆன்மிகச் சேதத்தை விளைவித்தன என்றார். பள்ளிகளின் சுவர்ப்பூச்சு விழாமல் ஒட்டுநாடாவால் பிடித்து வைத்திருந்ததை, கடைவாசல்கள் வீடற்றவர்களின் படுக்கையறைகளானதை, பேராசையும் சுயநலமும் நற்பண்புகளாகப் போற்றப்பட்டதை வரிசையாகச் சொன்னார். போர்க்காலத்தில் நாட்டைத் தாங்கிய பெண்களிடையே வளர்ந்த தனக்கு, பெண்மை என்பதன் அளவுகோல் வேறு என்று முடித்தார். எதிர்வரிசையின் கூச்சல் வலுத்தபோது குரல் ஏறவில்லை. மாறாக, ஒவ்வொரு மெய்யெழுத்தும் இன்னும் கூர்மையாகியது. ஓர் உறுப்பினர் எழுந்து ஆட்சேபித்தார். அவைத்தலைவர், விதிக்கு மாறாக எதுவும் பேசப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். அஞ்சலி நாளில் அப்படிப் பேசியது முறையா என்ற விவாதம் தொடர்ந்தது. அவர் பேசியிருக்காவிட்டால், அந்தக் கொள்கைகளால் வேலையும் வீடும் இழந்தவர்களின் தரப்பு அன்றைய அவைக்குறிப்பில் மெலிந்தே போயிருக்கும்.

2015இல் தேர்தலில் போட்டியிடாமல் விலகினார். எமில் ஸோலாவின் நாவல்களை ஒட்டிய பிபிசி வானொலி நாடகத் தொடரில் ஒரு குலத்தின் மூதாட்டியாகக் குரல் கொடுத்தார். அடுத்த ஆண்டு லண்டனின் ஓல்ட் விக் அரங்கில், டெபரா வார்னரின் இயக்கத்தில், லியர் மன்னன். 25 ஆண்டுகள் மேடையைத் தொடாத, 80 வயதுப் பெண். ஷேக்ஸ்பியரின் மிகக் கடினமான ஆண் வேடம். பெண் லியராக மாற்றவில்லை, லியராகவே நடித்தார். நாடாளுமன்ற உறுப்பினராக முதியோர் இல்லங்களுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்ததாக அவர் சொன்னார்: மூப்பில் ஆண், பெண் என்ற எல்லைகள் மங்கத் தொடங்குகின்றன. லியரை அவர் கண்டெடுத்தது அங்கேதான். மெலிந்த உடல், ஆனால் அதிலிருந்து வந்த குரலின் பலம் விமர்சகர்களைத் திகைக்கவைத்தது. பெண்ணை மையத்தில் வைத்து எழுத ஆசிரியர்கள் முன்வராத உலகில், மையத்திலிருந்த ஆண் வேடத்தையே எடுத்துக்கொண்டது அவருடைய பழைய குறைக்கு அவரே கண்ட விடை.

2018இல் நியூயார்க்கின் பிராட்வேயில் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்'. தொண்ணூறைத் தாண்டிய, செல்வமும் வெறுப்பும் மிகுந்த ஒரு மூதாட்டி. அதற்கு டோனி விருது கிடைத்தது. ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் நடிப்புக்காக வென்ற மிகச் சிலரில் ஒருவரானார். மறுஆண்டு பிராட்வேயிலும் லியராக நடித்தார். 2019 டிசம்பரில் பிபிசியில் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்'. நினைவு சிதைந்துகொண்டிருக்கும் மாட் என்ற முதியவள், காணாமல்போன தோழியைத் தேடுகிறாள். பையெங்கும் தனக்குத் தானே எழுதிய குறிப்புச் சீட்டுகள். மறதியை இரக்கத்துக்குரிய மென்மையாகக் காட்டும் வழக்கத்தை ஜாக்சன் அடியோடு தவிர்த்தார். மாட் எரிச்சல்காரி, பிடிவாதக்காரி, சில கணங்களில் கொடியவள். தன்னை நம்ப மறுக்கும் உலகத்தோடு அவள் சண்டை போடுகிறாள். அந்தச் சண்டை நியாயமானது என்று பார்ப்பவருக்குத் தோன்றும்படி நடித்ததே இதன் மேன்மை. 2020இல் இதற்கும் பாஃப்டா விருது கிடைத்தது.

கடைசிப் படம் 'த கிரேட் எஸ்கேப்பர்'. இரண்டாம் உலகப் போரின் முன்னாள் வீரர் பெர்னார்ட் ஜோர்டன், 2014இல் நார்மண்டி தரையிறக்கத்தின் நினைவு நாளுக்காக முதியோர் இல்லத்தை விட்டுச் சொல்லாமல் புறப்பட்ட உண்மைச் சம்பவம் அதன் கதை. ஜோர்டனாக மைக்கேல் கெய்ன், மனைவி ஐரீனாக ஜாக்சன். லோசியின் படத்தில் கணவன் மனைவியாக நடித்து 48 ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் மீண்டும் அதே உறவில். அந்தப் படம் திரைக்கு வருமுன், 2023 ஜூன் 15 அன்று, லண்டன் பிளாக்ஹீத்தில் தன் வீட்டில் ஜாக்சன் காலமானார். வயது 87. இரண்டு ஆஸ்கர்களும் அவரது சிறந்த வேலையைச் சரியாகச் சுட்டுவதில்லை என்பதால், அவரைப் புதிதாக அறிய விரும்புகிறவர்கள் விருதுப் பட்டியலைப் பின்தொடர வேண்டியதில்லை. முதலில் 'சண்டே ப்ளடி சண்டே', அதன்பின் 'ஸ்டீவி', பிறகு 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்'. இந்த வரிசையில் பார்த்தால் போதும்.